கல் நம்பிய சொல்

என் அக்கா மகள் செண்பகாவின் கல்யாணத்தை அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில், ஆடும் மழையும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லாத பாலினகோர் என்ற கிராமத்தில், ஏரிக்கரைக் கோட்டை ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஊர் மெச்ச நடத்தினோம். நடத்தி முடித்து, சாப்பிட்டு, போட்டோ எடுத்து, பெண்ணை மட்டும் அங்கே ஒரு கல்லின் மேல் விட்டுவிட்டு விமானம் ஏறி வந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைத்துப் பேசுகிறார்கள், அதனால் கூடவே இருந்த நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் உலகநாதனுக்குப் பாளையங்கோட்டையில் மூன்று கல்யாண மண்டபங்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தாலி ஏறியது அவர் போட்ட மேடையில்தான். பெற்ற மகளுக்கும் அதே மேடைதானா என்று நாலு பேர் கேட்பார்களே என்று அவருக்குக் கவலை; அடுத்தவன் மண்டபத்தில் வைத்தால் உன் மண்டபத்துக்கு என்ன கேடு என்று நாற்பது பேர் கேட்பார்களே என்று அதைவிடக் கவலை. அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, சென்னையிலேயே பிறந்து வளர்ந்த சம்பந்தியம்மா, தன் தோழி வீட்டுக் கல்யாணம் வெளிநாட்டுக் கோட்டையில் நடந்ததாகவும், அந்தப் போட்டோக்களைப் பார்த்ததிலிருந்து தனக்கு வேறு நினைப்பே இல்லை என்றும் சொல்ல, அத்தானுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. நாற்பத்திரண்டு பேர் பட்டியலில் வந்தார்கள். நான் வந்தது பாசத்தினால் அல்ல. தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவள், சடங்குச் சாமான் ஒன்று விடாமல் கட்டி எடுத்துவர என்னை விட்டால் ஆள் கிடையாது.

செண்பகா கால்நடை டாக்டர். பிரசவத்தில் திணறும் பசுவின் வயிற்றில் தோள்வரை கையை விட்டுக் கன்றை உருவி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் வீட்டில் தோசை தின்கிற பெண். கல்யாணம் பேசி முடித்ததும் சம்பந்தியம்மா, "நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் இந்தச் சாணி, மூத்திரமெல்லாம் எதுக்கும்மா?" என்று இனிமையாகக் கேட்டாள். செண்பகா வேலையை விட்டாள். எட்டு மாதம் போனில் பேசிப் பேசி மாப்பிள்ளை சபரீஷை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அவன் சாப்பிட்டதைச் சொன்னால்கூடச் சிரித்தாள்.

தப்பு சென்னை விமான நிலையத்திலேயே நடந்தது. எடை பார்க்கிற இடத்தில் எங்கள் பெட்டி பன்னிரண்டு கிலோ கூடுதல் என்றார்கள். நான் பத்திரமாகச் சாக்கு சுற்றி வைத்திருந்த சின்ன அம்மி அதே பன்னிரண்டு கிலோ. "அத எடுத்துருளா சிவகாமி, அங்க என்ன கல்லுக்கா பஞ்சம்?" என்றார் அத்தான். பக்கத்து வண்டியில் சம்பந்தியம்மாவின் அலங்கார விளக்குகள் மூன்று பெட்டி நிறைய இருந்தன, அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மியை எடுத்து டிரைவர் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவள் நான்தான்.

அத்தான் சொன்னது சரிதான், பாலினகோரில் கல்லுக்குப் பஞ்சம் கிடையாது. அங்கே ஒவ்வொரு வயலுக்கும் சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கியே சுவர் கட்டியிருக்கிறார்கள், மலை ஏறி, மலை இறங்கி, கடல் வரைக்கும் அதே சுவர் போகிறது. கோட்டைத் தோட்டக்காரர் ஒருவர் பக்கத்து வயல் சுவரிலிருந்து தட்டையாக ஒரு கல்லைப் பெயர்த்து, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தனி ஆளாகத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் அதைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன். மழை மூன்று முறை மஞ்சளைக் கழுவியது, மூன்று முறையும் பூசினேன்.

ஏரியைப் பார்த்த புல்வெளியில் கண்ணாடிக் கூரை போட்ட பந்தல். லண்டனிலிருந்து வந்த ஐயர் வேட்டிக்குள் கம்பளிக் கால்சட்டை போட்டிருந்தார். தாலி ஏறியது, ஏழடி நடந்தார்கள், சபரீஷ் குனிந்து செண்பகாவின் வலது காலைப் பிடித்துத் தூக்கி அந்தக் கல்லின் மேல் வைத்து மெட்டி போட்டான், ஐயர் அவளைப் பார்த்து, இந்தக் கல்லைப் போல அசையாமல் நிலையாக இரு என்று அர்த்தம் வருகிற மந்திரத்தைச் சொன்னார். அடுத்து அருந்ததி பார்க்கப் பெண்ணை அழைத்தார்கள். பெண் வரவில்லை.

"கால் வரல சித்தி" என்றாள் செண்பகா.

சேலை எங்கேயோ மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். சேலை மாட்டவில்லை, மெட்டி மாட்டவில்லை, பாதம் மாட்டியிருந்தது. வலியில்லை, வீக்கமில்லை, ரத்தமில்லை. பாதம் வெதுவெதுப்பாக இருந்தது, கல்லும் வெதுவெதுப்பாக இருந்தது. சபரீஷ் இழுத்தான், அத்தான் இழுத்தார், மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலு பேர் கோட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார்கள், அப்புறம் விளக்கெண்ணெய் விட்டு இழுத்தார்கள். காலோடு கல்லைத் தூக்கலாம் என்றால், ஒற்றை ஆள் தள்ளிக்கொண்டு வந்த கல் இப்போது கடப்பாரைக்கும் அசையவில்லை. இதற்குள் பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் பந்தியைப் போட்டார்கள். செண்பகாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஒரு கால் கல்லில் இருக்க, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட வைத்தோம். வரவேற்பும் அங்கேயே, கல்லைச் சுற்றிப் பூ அடுக்கி மறைத்து நடந்தது. வரவேற்புக்கு மட்டும் வந்த விருந்தாளிகள் புது மாதிரி மேடையாக இருக்கிறதே என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதன் தலைவர் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, பாதத்தில் கீறல் படாமல் கல்லை மட்டும் அறுத்து எடுக்கத் தன்னிடம் கருவி இருக்கிறது, அரை மணி நேர வேலை என்றார். நான் சாமி கும்பிட்டேன். ஆனால் சம்பந்தியம்மா ஐயர் பக்கம் திரும்பி, "கல்யாணத்தன்னைக்கு அம்மிய உடைக்கலாமா?" என்று கேட்டாள். ஐயர் தயங்கித் தயங்கி, சாஸ்திரத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் மாப்பிள்ளைக்கு ஆகாது என்று சிலர் சொல்வதுண்டு என்றார். அந்தச் சிலர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவே, பெற்றவளே, "வேண்டாம், மாப்பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரக்கூடாது" என்றாள். தீயணைப்புக்காரர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு ஒரே விளக்கம்தான். நம் ஊர் அம்மிகள் இந்த மந்திரத்தை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருக்கும். கேட்டுவிட்டு மறுநாளே தேங்காயும் மிளகாயும் அரைக்கப் போய்விடும். நாம் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான் என்று அவற்றுக்குத் தெரியும். இந்தக் கல் புதுசு. மழையிலும் காற்றிலும் ஒரு சுவரில் கிடந்த கல், அதனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல்முதலாக ஒருவர் குளித்து, நெருப்பு மூட்டி, சாட்சிகளை உட்கார வைத்து ஒரு சொல் சொன்னதும் அது அப்படியே நம்பிவிட்டது.

பக்கத்து வயல்காரி நோரீனிடம் என் அரைகுறை இங்கிலீஷில் இதைச் சொன்னேன். அறுபது வயசு, தனி ஆள், நூற்றிருபது ஆடு. கல் அவள் சுவரிலிருந்து எடுத்தது. அவள் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "அதன் மீது பிழையில்லை" என்றாள், "சொன்னால் செய்கிற கல்தான் அது, எங்கள் பக்கம் எல்லாக் கல்லும் அப்படித்தான்." பிறகு செண்பகாவின் இன்னொரு காலுக்குக் குளிருமே என்று ஒற்றைக் கம்பளிக் காலுறை கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அந்தக் கிராமமே அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் ரொட்டி கொண்டுவந்தாள், தபால்காரர் செய்தித்தாள் கொண்டுவந்தார், பாதிரியார் வந்து மழையைப் பற்றிப் பேசினார், தச்சர் ஒருவர் வந்து அளவெடுத்துச் சாய்வு நாற்காலியும் சுற்றிலும் மறைப்பும் செய்து கொடுத்தார். ஒரு பெண் ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு என்னென்ன தேவைப்படும் என்று மட்டும் யோசித்தார்கள். நாங்களோ, இதை ஊரில் எப்படிச் சொல்வது என்று யோசித்தோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐயருக்கு ஒன்று தோன்றியது. சொல் ஒருத்தியைப் பார்த்து மட்டும் சொல்லப்பட்டது, அதனால் பாரம் ஒரு பக்கமாக விழுந்திருக்கலாம். மாப்பிள்ளையும் அதே கல்லில் காலை வைத்து, நானும் இப்படியே நிலையாக இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்லுக்கு மனசு ஆறி இரண்டு பேரையும் விட்டாலும் விடும் என்றார். விடாவிட்டால் என்று யாரோ கேட்டார்கள். "விடலேன்னா ரெண்டு பேரும் சேந்து இருப்பேள், அதுக்குத்தானே கல்யாணம்" என்றார் அந்த மனுஷர். லண்டன் ஐயராக இருந்தாலும் நல்ல மனுஷர்.

எல்லோரும் கூடினோம். சபரீஷ் செருப்பைக் கழற்றினான். செண்பகா அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை, பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிற பிள்ளையைப் போல இருந்தாள். அவன் காலைத் தூக்கினான். கல்லுக்கு நாலு விரல் உயரத்தில் அந்தக் கால் நின்றது. அப்படியே நின்று, பிறகு புல்லில் இறங்கியது.

"இல்ல செம்பா, யோசிச்சுப் பாரு. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா வெளியில இருந்து நமக்காக யார் அலையறது? ஒருத்தர் வெளிய இருக்கணும்ல? உனக்காகத்தான் சொல்றேன்."

"சரிதான்" என்றாள் செண்பகா.

அவளே சரி என்றதும் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பையன் பொறுப்பாகப் பேசுகிறான் என்றார் அத்தான்.

பொறுப்பான பையன் மூன்றாம் நாள் காலை தேனிலவுக்குக் கிளம்பினான். குதிரை வண்டி, ஏரிக்கரை வீடு, கடலோரப் பாறை என்று பத்து நாளுக்கு முன்பதிவு, ரத்து செய்ய முடியாது. தனியாகப் போனால் மனசு உடைந்துவிடுவான் என்று சம்பந்தியம்மாவும் கூடப் போனாள். போட்டோகிராபருக்கும் பேசி முடித்திருந்ததால் அவரும் போனார். பச்சை மலை, வெள்ளை ஆடு, வானவில், நடுவில் சபரீஷ் தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நிற்கிற மாதிரி போட்டோக்கள் தினமும் குடும்ப வாட்ஸாப்பில் வந்தன. அந்த இடத்தில் செண்பகாவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊரில் இருந்த சொந்தக்காரர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். செண்பகாவும் கல்லில் காலை வைத்தபடியே ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

நாலாம் நாள் பஸ் வந்தது. ஒருவருக்கு ஆபீஸ், ஒருவருக்குப் பிள்ளை பரீட்சை, ஒருவருக்கு விசா முடிகிறது. ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் கை வைத்துத் திருநீறு பூசி, "தைரியமா இருட்டி, சாமி இருக்கான்" என்று சாமியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார்கள். மறுநாள் சனிக்கிழமை, கோட்டையில் டப்ளின்காரர்கள் கல்யாணம். பந்தலைக் காலி செய்ய வேண்டும். மேலாளர் மிகவும் மரியாதையாக வந்து, பெண் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், சுற்றிலும் ரோஜா வளைவு வைத்துவிடுகிறோம் என்றார். அந்தக் கல்யாணப் பெண் வெள்ளை கவுனோடு வந்து செண்பகாவின் பட்டுச்சேலையைத் தொட்டு, ராசிக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருந்த இரண்டு பெண்கள் காரில் வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். நிலையான தாம்பத்தியத்துக்கு இந்தியப் பெண்ணின் ஆசி என்று கோட்டைக்காரர்கள் தங்கள் விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்.

நோரீன்தான் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மழையில் ஓடிவந்து, ஆடு ஒன்று ஈன முடியாமல் கிடக்கிறது, டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று பொதுவாகப் புலம்பினாள். "இங்க தூக்கிட்டு வாங்க" என்றாள் செண்பகா. சரிகைப் புடவையை மடித்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே கையை விட்டு, குறுக்கே கிடந்த குட்டியைத் திருப்பி உருவி எடுத்து, அதன் மூக்கைத் துடைத்து, நோரீன் கையில் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதிலிருந்து கொட்டில்களிலிருந்து ஆடுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அவளும் பட்டுச்சேலையை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு நோரீனின் பழைய கால்சட்டையை ஒரு பக்கம் கிழித்து மாட்டிக்கொண்டாள். அக்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்காவும் அத்தானும் ஆறாம் நாள் கிளம்பினார்கள். வைகாசி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் மூன்று மண்டபத்திலும் ஆள் வேண்டும். "போயி திருச்செந்தூர்ல ஒரு பரிகாரம் பண்ணிட்டு, நல்ல ஆளா கூட்டிக்கிட்டு வாறேம்மா" என்றார் அத்தான், அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அக்கா அழுத அழுகையில் நோரீனின் நாய்கூட ஊளையிட்டது. ஆனால் கார் வந்ததும் ஏறிவிட்டாள்.

மீதி நான். எனக்கு விசா மூன்று வாரம் பாக்கி இருந்தது. ஊரில் எனக்காகக் காத்திருப்பவர்கள் யாரும் கிடையாது, பென்ஷன் தானாக வரும். நோரீன் தன் வீட்டு மாடி அறையை ஒழித்துக் கொடுத்திருந்தாள். ஆனாலும் ஒன்பதாம் நாள் விமானத்துக்கு நான் டிக்கெட்டை மாற்றியிருந்தேன். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. அதுதான் காரணம். எனக்கே நான் ஆயிரம் முறை சொல்லிக்கொண்ட காரணம் அதுதான்.

மதியம் பெட்டியை இழுத்துக்கொண்டு, கோட் போட்டுக்கொண்டு அவளிடம் போனேன். டாக்ஸி வாசலில் நின்றது. அவள் பெட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெளம்பிட்டீங்களா சித்தி?"

"மாத்திர தீந்துட்டுட்டி. போட்டாத்தான் தல நிக்கிது."

"நோரீன் வாங்கித் தாறேன்னு சொன்னாகல்லா?"

நான் டாக்ஸி நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்தியது, நோரீன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். செண்பகா எழுந்தாள். கல்லிலிருந்து வலது காலை எடுத்தாள், மறைப்புக்குப் பின்னால் கிடந்த ரப்பர் பூட்ஸில் விட்டாள், இடது காலையும் விட்டாள், நாலு அடி நடந்தாள்.

நான் அலறிவிட்டேன். "ஏட்டி! எப்பட்டி விட்டுச்சு?"

"ரெண்டாம் நாளே. அவரு தூக்குன கால கீழ வச்சாருல்லா, அப்பவே விட்டுட்டு."

"பாவி, ஏன் சொல்லல? நாங்க அத்தன பேரும் இங்கதானட்டி நின்னோம்?"

"யாரு கேட்டா சித்தி? மொத நாளு எல்லாரும் இழுத்தீங்க. அதுக்கப்புறம் ஒருத்தராவது இழுத்துப் பாத்தீங்களா? மாட்டிக்கிட்டேன்னு முடிவு பண்ணிட்டு ஆளாளுக்குப் பைய கட்டுனீங்க. நான் ஆடாம வச்சிருந்தேன். யாராவது ஒரு ஆளு, நான் இவ கூட இருக்கேன்னு சொல்லுதாகளான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மா போனதுக்கப்புறம் உங்களத்தான் நெனச்சேன்."

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஆட்டுக்கு என்ன நோய் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் பெட்டியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "நான் போகல தாயி. டாக்ஸிய அனுப்பிருதேன். நான் இருக்கேன் உங்கூட."

"நடக்குதவளுக்குத் தொண எதுக்கு சித்தி?" என்று அவள் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "ஊர்ல கேட்டா கல்லு இன்னும் விடலன்னு சொல்லிருங்க. அவருக்கும் அதச் சொல்லிருங்க. வந்து பாக்க மாட்டாக." மறுபடியும் ஆடு கத்தியது. அவள் சுவரில் கை ஊன்றி அந்தப் பக்கம் குதித்து, கொட்டிலை நோக்கி ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அந்தக் கல்லின் முன்னால் நின்றேன். மஞ்சள் எல்லாம் போய்ச் சாதாரணக் கல்லாகக் கிடந்தது. செருப்பைக் கழற்றினேன். அறுபத்திரண்டு வயசில், யாரும் என் காலைப் பிடித்து எந்தக் கல்லிலும் வைத்ததில்லை; நானே என் வலது காலைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். நான் இங்கேயே இருப்பேன், இவளை விட்டுப் போகமாட்டேன் என்று வாய்விட்டு, கல்லுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். கல் சில்லென்று இருந்தது. ஒன்பது நாளாக எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த கல் அது. டாக்ஸிக்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்தார். நான் காலை எடுத்தேன், வந்துவிட்டது.